லண்டன் வரப்பும் கேரம் பவுடரும்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கிக்கொள்ளும் பருவத்தை எட்டிவிட்ட தோழர்களே, தோழிகளே, இது உங்களுக்குத்தான். இளையவர்கள் படித்தால் தடுக்கமாட்டேன். ஆனால் அவர்களுக்கு லிஃப்ட் நின்றுபோனால் படியேறிப் போகிற காலிருக்கிறது. நமக்கு அது ஒரு வரலாற்று நிகழ்ச்சி.

போன வாரம் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றது. புதுவாயல் கூட்டு ரோட்டிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டான்.

"இங்க பாருங்க. உள்ள எறும்பு ஊடு கட்டிகினு கீது. இது இருந்தா லிஃப்ட் எப்டி ஓடும்?"

சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். நான் மட்டும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனேன். செம்பழுப்பு நிறம். ஒரே கூட்டத்தில் பெரிய தலைக்காரர்களும் பொடியர்களும் கலந்திருந்தார்கள். வயிறு கொஞ்சம் கருப்பு. சந்தேகமே இல்லை. பள்ளித் தோழியைக் கல்யாண மண்டபத்தில் கண்டதுபோல எனக்குக் குதூகலமாகிவிட்டது.

"மேடம், கை வெக்காதீங்க, கடிச்சா நெருப்பு" என்றான் தம்பி.

எனக்கா தெரியாது? நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்துப் புரட்டாசி முழுவதும் எங்கள் குடும்பம் இவர்களோடுதான் போர் செய்தது.

எங்கள் நைனா கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை செய்தார். ஆரம்பாக்கத்திலிருந்து ரயில். கையெல்லாம் தீப்பொறி விழுந்த புள்ளிகள். அவருக்கு முந்திய எங்கள் ஆட்கள் எல்லோரும் அடுத்தவர் கழனியில் நட்டு, அடுத்தவர் கழனியில் அறுத்தவர்கள். சேற்றில் நிற்கிற வேலைதான் எங்கள் வம்சத்துக்குத் தெரியும். வரப்பில் நின்று பார்க்கிற வேலை யாருக்கும் கிடைத்ததில்லை. அந்த வருஷம் நைனா ஆரம்பாக்கத்தில் ஏக்கர் சொச்சம் கழனியைக் குத்தகைக்கு எடுத்தார். பம்பு செட்டும் மோட்டார் கொட்டகையும் அதிலேயே இருந்தன. எடுத்த அன்று சாயங்காலம் சட்டையை இன் செய்துகொண்டு போய் வரப்பில் நின்றார். சும்மா நின்றார். இருட்டிய பிறகு அம்மா ஆள் அனுப்பித்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று ஆபீஸ் முன்னால் புல்தரை போட்டார்கள். லாரியில் புல்லே வந்தது. சதுரம் சதுரமாக வெட்டி, அடியில் மண்ணும் சணல் வலையுமாக, பாய்போலச் சுருட்டி வைக்கலாம். வந்தவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள். மிச்சமான சதுரங்கள் மதில் ஓரம் கிடந்தன. நைனாவுக்கு அதைப் பார்த்ததும் தன் மண் வரப்பு நினைவுக்கு வந்தது. மழை வந்தால் கரைகிற வரப்பு. கூட வேலை செய்கிற கிரேன் மாமா (கிரேன் ஓட்டுகிறவர், எனக்கு மாமா, அவ்வளவுதான் உறவு) மீன்பாடி வண்டி ஒன்று பிடித்து வந்தார். இருவரும் புல் சதுரங்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஊர்வலமாக வந்து, வரப்பு நெடுகப் பதித்தார்கள்.

ஊர் அதிசயித்தது. கழனிக்கு நடுவே மெத்தென்ற பச்சை வரப்பு. டீக்கடையில் யாரோ அதற்கு 'லண்டன் வரப்பு' என்று பேர் வைத்தார்கள். கேலிதான். நைனா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அந்தத் திறமை அவரிடமிருந்துதான் எனக்கு வந்தது.

அம்மா மட்டும், "கழனிக்குப் பாய் விரிச்சிகினு கீறீங்களே, நெல்லு வந்து படுத்துக்குமா?" என்று கேட்டாள்.

"உனக்கு இன்னா தெரியும். மண்ணு கரையாது பார்."

மண் கரையவில்லை. பொங்கியது. லண்டன் வரப்பில் அங்கங்கே சலித்த ரவையைக் கொட்டினதுபோலச் சின்னச் சின்ன மண்குவியல்கள் முளைத்தன. மேலே வாசலே கிடையாது. ஆராய்ச்சி மனப்பான்மை உள்ள பெண் என்பதால் நான் ஒன்றில் விரலை விட்டேன். முதலில் ஒன்றுமில்லை. மணிக்கட்டு வரை ஏதோ மெல்லப் பரவியது. எல்லோரும் அவரவர் இடத்துக்கு வந்து சேரட்டும் என்று காத்திருந்தவைபோல, திடீரென்று ஒரே நொடியில் அத்தனையும் கொட்டின. நான் ஓடிய ஓட்டத்தில் வாய்க்காலில் விழுந்தது எனக்குத் தெரியாது. மேலே ஏறிய பிறகு சொன்னார்கள். மறுநாள் ஒவ்வொரு கடியும் கடுகளவு வெள்ளைக் கொப்புளமாக எழும்பியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு துண்டு நெல்லிக்காய்க்கு ஒருமுறை என்று கையைக் காட்டினேன். நல்ல வியாபாரம்.

சர்க்கரை டப்பாவுக்கு வருகிற கருப்பெறும்பு எங்களுக்குப் பழக்கம். மாமரத்து முசுறும் பழக்கம். இவர்கள் புது ஆட்கள். கொள்ளிக்கட்டையால் சுட்டதுபோல எரிந்ததால் கொள்ளியெறும்பு என்றோம்.

இது என் கையோடு போயிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள். நாற்றங்காலில் நாற்று தயாராகிவிட்டது. நடவுக்கு அத்தை வந்தாள்.

அத்தை நைனாவின் அக்கா. சுற்றுவட்டாரத்தில் நடவு ஆட்களுக்குத் தலைவி அவள்தான். அவள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கழனியானாலும் முதல் கால் அத்தையுடையது. அவள் வரப்பில் நின்று, பிறகு சேற்றில் இறங்கி, இரண்டு எட்டு வைத்துத் திரும்பிப் பார்ப்பாள். அப்புறம்தான் மற்றப் பெண்கள் இறங்குவார்கள். அவள் காலை வெளியே எடுத்துவிட்டால் நடவு இல்லை. வேறு எந்தக் கூட்டமும், ஆந்திராவிலிருந்து வருகிற ஆட்கள்கூட, அந்தக் கழனியில் இறங்கமாட்டார்கள். மறுபடி அத்தையே கால் வைத்தால்தான் உண்டு. யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. பாம்பும் கண்ணாடிச் சில்லும் ஆலைக் கழிவும் மிதித்து மிதித்து அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு.

அன்றைக்கு அத்தை சேற்றில் இறங்கிவிட்டாள். பின்னால் வந்த பெண்கள் லண்டன் வரப்பில் வரிசையாக நின்றார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒருத்தி புல்லில் கையூன்றி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அவள் அலறியதும் வரிசை முழுவதும் குதித்தது. கட்டிவைத்த நாற்று முடிகள் பறந்து தண்ணீரில் விழுந்தன. அந்தப் பெண்ணின் விரல் வீங்கி, மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள்.

அத்தை சேற்றிலிருந்து காலை எடுத்து வரப்பில் வைக்காமல் வாய்க்காலில் வைத்தாள்.

"அக்கா, ஏன் கெளம்பற? நான் சரி பண்றேன்" என்றார் நைனா.

"பண்ணு. பண்ணிட்டு கூப்டு."

"நம்ம கழனி அக்கா. மொத மொதலா நம்ம கழனி."

"தம்பி கழனின்னா எறும்பு உறவு பாத்து கடிக்குமா? இந்தப் பொண்ணு கைய பாத்தியா? நாளிக்கு இவ மாமியாருக்கு நான் இன்னா பதில் சொல்றது?" அத்தை நாற்று ஒன்றைப் பிடுங்கித் தன் காலோடு வைத்துப் பார்த்தாள். "இது முட்டிய தொட்டுதுன்னா முத்திப்பூடும். அப்பால நட்டாலும் ஒண்ணுதான், மாட்டுக்குப் போட்டாலும் ஒண்ணுதான். சீக்கிரம் பாரு."

நாற்று அப்போது அத்தையின் கெண்டைக்காலில் இருந்தது.

இப்படியாக எங்கள் குடும்பத்தின் முதல் கழனி, அத்தையின் கெண்டைக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது.

நைனா உலைக்காரர். எதையும் சூட்டால் தீர்க்க முடியும் என்பது அவர் சித்தாந்தம். முதலில் மண்ணெண்ணெய் ஊற்றினார். மேலிருந்தவை செத்தன, மறுநாள் பக்கத்தில் இரண்டு புதுக் குவியல்கள். மாதாகோயில் அசன விருந்துக்குப் பிரியாணி செய்கிற அண்டாவைக் கேட்டு வாங்கி, வரப்பு ஓரத்திலேயே அடுப்பு மூட்டி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினார். புல் வெந்த வாசனை வந்தது. கீரை கடைந்ததுபோல நன்றாகவே இருந்தது. எறும்புகள் தங்கள் வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு நான்கடி தள்ளிக் குடியேறின. உரக்கடையில் கொடுத்த பொடியை மூக்கில் துணி கட்டிக்கொண்டு தூவினார். ஒரு குவியல் மூன்றாயிற்று. ஒரு வாரத்தில் அவர் செய்தது எறும்புகளை அழிப்பது அல்ல, அவற்றுக்குத் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுப்பது என்று எனக்கு இப்போது புரிகிறது. ராணி அடியில் பத்திரமாக இருக்கிறாள். மேலே அடிக்க அடிக்க வீடு பிரிகிறது, அவ்வளவுதான்.

கடைசியில், "முக்கிடறேன்" என்று மோட்டாரைப் போட்டு வரப்பு மூழ்கத் தண்ணீர் விட்டார்.

அது நான் வாழ்நாளில் பார்த்த பெரிய காட்சிகளில் ஒன்று. அதற்குப் பிறகு அருவிகளையும் பார்த்திருக்கிறேன், அரண்மனைகளையும் பார்த்திருக்கிறேன், மனம் அவ்வளவு துள்ளவில்லை. தண்ணீர் ஏற ஏற, குவியலிலிருந்து எறும்புகள் வெளியே வந்து ஒன்றையொன்று காலால் பிடித்துக்கொண்டன. உள்ளங்கையகலத்துக்கு ஒரு செம்பழுப்பு அடை. நடுவில் வெள்ளையாக முட்டைகள். அந்த அடை மெல்ல மிதந்து கிளம்பியது. கீழே இருப்பவை மேலே வர, மேலே இருப்பவை கீழே போக, உருண்டு உருண்டு அது கழனியைக் கடந்தது. நானும் தெருப் பிள்ளைகளும் கரையோடு கூடவே ஓடினோம்.

"நைனா, கப்பல் உடுது, கப்பல் உடுது" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

கப்பல் மோட்டார் கொட்டகையில் கரை சேர்ந்தது. மறுநாள் மோட்டார் ஓடவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பிடி எறும்பு கருகிக் கிடந்தது. எலெக்ட்ரீஷியன், "இதுங்களுக்குக் கரெண்டு புடிக்கும் போலகீது" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனவர் போனவர்தான். இப்போது எறும்பும் இருந்தது, தண்ணீரும் இல்லை. வேறு கழனிக்குப் போகிற வழியில் அத்தை நாற்றங்கால் பக்கம் வந்து ஒரு நாற்றைக் காலோடு வைத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நைனாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவிலும் ஞாயிற்றுக்கிழமை கேரம் நிற்கவில்லை. ஆலைக்காரர்களின் கேரம் கிளப் எங்கள் மோட்டார் கொட்டகைக்குத்தான் வந்திருந்தது. குத்தகைக்காரர் என்கிற முறையில் நைனா பெருமையாக அழைத்திருந்தார். கிரேன் மாமாதான் கிளப் செயலாளர். அவர் பலகையில் பவுடர் போடுகிற அழகுக்கே கூட்டம் வரும். காய் வழுக்கிக்கொண்டு போவதற்கான அந்த வெள்ளை போரிக் பவுடரை, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பதுபோலத் தெளிப்பார். எறும்புக்குப் பயந்து எல்லோரும் ஸ்டூலில் சம்மணமிட்டு ஆடினார்கள். பக்கத்தில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் வேர்க்கடலை மிக்சர்.

நைனா சிவப்புக் காயைப் போட்டுவிட்டார். பின்னாலேயே ஒரு காயும் போட வேண்டும். குறி பார்த்துக் குனிந்த நேரத்தில் கழுத்தில் ஒன்று கடித்தது. பலகை புரண்டது. மிக்சர், பவுடர், காய், ஸ்டூல் எல்லாம் ஒரே குவியல். ஆண்கள் கிளம்பிவிட்டார்கள்.

"செவப்பு செல்லாது, ஃபாலோ போடல" என்று ஓடிக்கொண்டே சொன்னார் கிரேன் மாமா.

"எறும்பு கட்ச்சா ஃபாலோ எப்டிய்யா போடறது" என்று ஓடிக்கொண்டே கேட்டார் நைனா.

நான் மோட்டார் மேடைமேல் ஏறி நின்றேன். எறும்புகள் வேர்க்கடலைத் துணுக்குகளைத் தூக்கின. பவுடர் ஒட்டி, துணுக்கெல்லாம் வெள்ளையாக இருந்தன. வெள்ளை மூட்டைகளோடு ஒரு நீள வரிசை சுவரோரக் குவியலுக்குள் போய் மறைந்தது.

அடுத்த ஞாயிறு கேரம் பலகையை எடுக்கப் போனபோது அந்தக் குவியலைக் குச்சியால் குத்தினேன். யாரும் வரவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினேன். ஒன்று இரண்டு பேர் குடித்தவர்கள்போலத் தள்ளாடி வந்தார்கள். சரி என்று விரலையே விட்டேன். ஆராய்ச்சி மனப்பான்மை. கடிக்கவில்லை. நான் அங்கிருந்து வீடு வரை போட்ட கூச்சலில் எங்கள் கோழிகள் கூரை ஏறிவிட்டன.

நைனா வந்து பார்த்தார். "நான் ஊத்துன கெரசின் இப்பதான் வேல செய்து" என்றார்.

கிரேன் மாமா, "நம்ம கிளப்போட ராசிப்பா" என்றார்.

அம்மா குந்தி உட்கார்ந்து, சிதறிக் கிடந்த வெள்ளைத் துணுக்கு ஒன்றைக் குச்சியால் புரட்டினாள். "பவுடர் தின்னுகீதுங்க" என்றாள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நைனா கிளம்பினார். கிளப்பின் பவுடர் டப்பாக்களை எல்லாம் வாங்கி வந்து, வேர்க்கடலையைப் பொடித்து, எண்ணெய் விட்டு, பவுடரைக் கொட்டோ கொட்டென்று கொட்டிப் பிசைந்து, ஒவ்வொரு குவியலின் தலையிலும் உருண்டை உருண்டையாக வைத்தார். எறும்புகள் வந்தன. முகர்ந்தன. விசேஷ வீட்டில் மொய் வைக்காமல் நழுவுகிறவர்களைப்போலச் சுற்றிக்கொண்டு போயின. இரண்டு குவியல்களில் வீடே மாற்றிக்கொண்டார்கள்.

நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நாற்று அத்தையின் முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே வந்திருந்தது.

அம்மா, என்னைச் சொல்லி அவரைக் கூப்பிடுகிற வழக்கப்படி, சொன்னாள்: "பாப்பா நைனா, கொழம்புல ஒரு கை உப்பு போட்டா நீ சாப்புடுவியா?"

"மாட்டேன்."

"அதுங்க மட்டும் சாப்டுமா? தெரியாத மாதிரி போடணும். அதுவும் சோத்த கொண்டாந்து தலமேல கொட்னா யார் சாப்புடுவாங்க? போற வழியில வெக்கணும். தானா பாத்து, தானா எட்த்துகினு போவணும்."

"கொஞ்சூண்டு போட்டா சாவாதே."

"ஒடனே சாவக் கூடாது. ஊட்டுக்கு எட்த்துகினு போயி ராணிக்குக் குடுக்கற வரைக்கும் உசுரோட இருக்கணும். மாப்ள ஊட்டுக்கு சீர் அனுப்பறவன வழியிலயே கொன்னுட்டா சீர் எப்டி போய் சேரும்?"

நைனாவுக்கு இது ஆண்மைக் குறைவான போர் முறையாகப் பட்டது. ஆனால் வேறு வழி இல்லை. அம்மா பழைய அலுமினியச் சட்டி ஒன்றைத் தனியாக ஒதுக்கினாள். கடலையை வறுத்துப் பொடித்து, நல்லெண்ணெய் விட்டு, உப்பு போடுகிற விரலால் பவுடரைக் கிள்ளிப் போட்டுப் பிசைந்தாள். அந்தச் சட்டியைப் பிறகு கல்லால் நசுக்கிப் புதைத்தாள். பொம்மைச் சமையலுக்கு அதை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள் என்பதை இன்றும் நான் மறக்கவில்லை.

மேகம் கூடிக்கொண்டிருந்தது. மழை வந்தால் எல்லாம் கரைந்துவிடும். "கொட்டாங்குச்சி" என்றாள் அம்மா. நாங்கள் பிள்ளைகள் ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு வீடு வீடாக ஓடினோம். தேங்காய் உடைக்காத வீட்டில்கூட உடைக்கச் சொல்லிக் கேட்டோம். கோணி கோணியாகக் கொட்டாங்குச்சி வந்து இறங்கியது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் நைனா சின்னதாக ஒரு வாசல் உடைத்தார். உள்ளே ஒரு சிட்டிகைத் தீனி வைத்து, எறும்பு போகிற தடத்தில் கவிழ்த்து வைத்துக்கொண்டே போனோம். கடைசிக் கொட்டாங்குச்சியை நான் கவிழ்த்தபோது முதல் தூறல் என் முதுகில் விழுந்தது.

அதற்குப் பிறகு எதுவும் செய்யக் கூடாது. அதுதான் அம்மாவின் நிபந்தனை. நைனாவின் கை பரபரத்தது. மண்வெட்டியை எடுப்பார், அம்மா பார்ப்பாள், கீழே வைப்பார். மண்ணெண்ணெய் டின்னை அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். உலை முன்னால் அசராமல் நிற்கிற மனிதர், ஒன்றும் செய்யாமல் இருக்க முடியாமல் ஒரே வாரத்தில் இளைத்துப்போனார். மழை விட்டு விட்டுப் பெய்தது. மோட்டார் இல்லாத குறையை வானம் தீர்த்தது. நான் ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டதும் ஓடிப்போய் ஒரு கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்ப்பேன். தீனி குறைந்துகொண்டே வந்தது. பிறகு வரிசை மெலிந்தது. பிறகு வரிசை இல்லை.

அத்தைக்குச் சொல்லி அனுப்பினோம்.

அவள் கூட்டத்தோடு வந்தாள். மோதிரம் அறுத்த பெண்ணும் வந்திருந்தாள், கொஞ்சம் தள்ளி நின்றாள். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லண்டன் வரப்பில் ஏறினாள். குவியல் ஒன்றைப் பார்த்து அதன் மேலேயே வெறும் காலை வைத்தாள். நின்றாள்.

கிரேன் மாமா ஷிப்டுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தார். அத்தை இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தாள். நிதானமாகக் காம்பு கிள்ளினாள். சுண்ணாம்பு தடவினாள். மடித்தாள். வாயில் போட்டு மென்றாள். ஏற்கெனவே ஓடிப் பழகிய என் கால்கள் அவளுக்காக ஓடத் தயாராக நின்றன.

அத்தை குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கிக் காலோடு வைத்துப் பார்த்தாள். முழங்காலைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

"கிழவி நாத்து" என்றாள். "நெருக்கி நட்டாத்தான் எதனா தேறும். இன்னா வேடிக்க, எறங்குங்கடி."

சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். இரண்டு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் சளசளவென்று பின்னால் இறங்கினார்கள். நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கண்ணில் தூசி என்றார். அந்த மழையில் தூசி.

நடவு முடிந்து கை கழுவும்போது அத்தை, "இந்தப் பச்சப் பாய சுருட்டிடு" என்றாள். நைனா தயங்கினார். அவளே ஒரு சதுரத்தின் முனையைப் பிடித்து உரித்தாள். அடியில் சணல் வலை, வலைக்குள் வேர், வேருக்குள் நூலாம்படைபோல நூறு பாதைகள். எல்லாவற்றிலும் செத்த எறும்புகள்.

"இத்த எங்கேந்து எட்த்தாந்த?"

"கம்பெனிலேந்துக்கா. சூப்பர் புல்லு."

அத்தை தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை மெல்ல ஆட்டினாள். அத்தை வெற்றிலையை இன்னும் கொஞ்சம் மென்றுவிட்டு, "ம்" என்றாள். அதோடு சரி.

அப்போது எனக்கு அந்த 'ம்' புரியவில்லை. நைனாவுக்குக் கடைசி வரை புரியவில்லை. எறும்பு ஆந்திரா மணல் லாரியில் வந்தது என்பார். பக்கத்துக் கழனிக்காரர் பொறாமையில் விட்டது என்பார். மீன்பாடி வண்டியில், தன் கையாலேயே, ஒவ்வொரு சதுரமாகத் தட்டித் தட்டித் தானே அவற்றைக் குடிவைத்தார் என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

கிழவி நாற்று சுமாராகத்தான் விளைந்தது. முதல் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்து, "வாசன பாத்தியா" என்றார் நைனா. "கேரம் பவுடர் வாசனையா?" என்றாள் அம்மா. இருவரும் வெகு நேரம் சிரித்தார்கள்.

எல்லாச் சதுரங்களையும் கொளுத்தியாயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒன்றே ஒன்றை நைனா எடுத்து வந்து வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் ஓரம் பதித்துவிட்டார். தன் சொந்த வரப்பில் கிடந்த புல், மனசு வரவில்லை போலிருக்கிறது. அது தளதளவென்று வளர்ந்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்றுதான் டீ குடிப்பார்.

"பாத்தியா, எத்தினி வருசமாகீது, இந்தப் புல்லுல ஒரு எறும்பு உண்டா? சும்மா புல்லுமேல பழி போட்டீங்க. எங்க அக்காவுக்கும் புத்தி இல்ல, உனக்கும் இல்ல."

"ஆமா, எங்களுக்கு இன்னா தெரியும்" என்பாள் அம்மா, துணியை ஓங்கி அடித்துக்கொண்டே.

துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், நைனாவின் கண்ணுக்குப் படாத இடத்தில், விளிம்பில் சின்னதாக வாசல் உடைத்த ஒரு கொட்டாங்குச்சி கவிழ்ந்திருக்கும். மழைக்கு முன்னால் அதைத் தூக்கிப் பார்த்து அம்மா ஒரு சிட்டிகை வைப்பாள். நைனா இருந்த வரை வைத்தாள்.